பழைய ஜெர்மன் கார்களின் விலையும் நம் பகுதி வண்டிகளின் கதியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஜெர்மன் கார்கள் வெளிநாட்டு ஏலங்களில் கோடிக்கணக்கில் விலைபோகும் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் வசம் வைத்திருந்த 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூபே காரை 2022 மே மாதத்தில் 13.5 கோடி யூரோவுக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 1,100 கோடி ரூபாய்க்கு விற்றதிலிருந்து இந்தப் பேச்சு எங்கள் பட்டறை வாசல் வரை வந்துவிட்டது. மதுரை பழங்காநத்தத்தில் மோட்டார் பட்டறை நடத்தி வருகிறேன். திண்டுக்கல், உசிலம்பட்டி, காரைக்குடிப் பக்கத்திலிருந்து “வீட்டில் ஒரு பழைய பென்ஸ் நிற்கிறது, எவ்வளவுக்குப் போகும்?” என்று விசாரித்து வருபவர்கள் பெருகியிருக்கிறார்கள். வண்டி ஓடுமா, ஓட வைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இது எனக்கு மிகுந்த கவலை அளிப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், அந்த 1,100 கோடி ரூபாய் காரை வைத்து வேறு எந்த வண்டியையும் மதிப்பிட முடியாது. அது பந்தயக் காரின் அடித்தளத்தில் 1955-இல் உருவானது. உலகிலேயே இரண்டுதான் செய்யப்பட்டன. கதவுகள் இறக்கைபோல் மேல்நோக்கித் திறக்கும் 300 எஸ்.எல். கார் 1954 முதல் 1957 வரை மொத்தம் 1,400 மட்டுமே வெளிவந்தது. அதனால்தான் இன்று அது பத்துக் கோடி ரூபாயைத் தாண்டி விற்கிறது. வயது மட்டும் விலையைத் தந்துவிடாது என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலே சாட்சி. 2003-இல் மெக்சிகோவில் உற்பத்தி நிற்கும்வரை 2 கோடியே 15 லட்சம் பீட்டில்கள் செய்யப்பட்டன. அவற்றில் 1953 வரை வந்த, பின்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் வண்டிகளைத்தான் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்துப் பெரும் விலை கொடுக்கிறார்கள். அதே நிறுவனத்தின் வேனிலும் கூரையோரம் வரிசையாகக் கண்ணாடி வைத்த சாம்பா வகைதான் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. சாதாரணச் சரக்கு வேனுக்கு அந்த விலை கிடைப்பதில்லை.

போர்ஷே 911-இன் கதை இன்னொரு வகை. 1963-இல் அறிமுகமான அந்தக் காரின் எஞ்சின், காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சினாகவே 1998 வரை தொடர்ந்தது. பிறகு ரேடியேட்டர் வந்தது. பழைய முறை இனித் திரும்பாது என்பதால், காலப்போக்கில் அந்தக் கடைசி வருடத்து வண்டிகளின் விலை ஏறத் தொடங்கியது. பி.எம்.டபிள்யூ.வின் முதல் எம்3 காரை 1980-களில் சிறுவர்களாக ஆசையோடு பார்த்தவர்கள் இன்று கையில் பணமுள்ள ஐம்பது வயதினர். அந்த ஆசைக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். ஆசையை நம்பி ஏறிய விலை நிலையாக நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022-க்குப் பிறகு பல மாடல்களின் விலை தணிந்திருக்கிறது. மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தையோ நகையை அடகு வைத்த பணத்தையோ இதில் போட நினைப்பவர்களைக் கைகூப்பித் தடுக்கிறேன். அப்படி நினைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் பழைய காருக்கு மதிப்பு இருப்பதன் முக்கியக் காரணம் இங்கே யாரும் பேசாத ஒன்று. அங்கே ஒரு பழைய கார் சாலையில் உயிரோடு இருப்பதற்கு அரசும் தயாரிப்பு நிறுவனமும் வழி செய்து வைத்திருக்கின்றன. மெர்சிடிஸ் நிறுவனம் 1993-இல் ஸ்டுட்கார்ட் அருகே ஃபெல்பாக்கில் பழைய கார்களுக்கென்றே தனி மையம் திறந்து, உதிரிபாகங்களையும் பழைய ஆவணங்களையும் இன்றுவரை வழங்கி வருகிறது. அரசு 1997 முதல், 30 ஆண்டு நிறைந்து, அசல் நிலையில் நல்ல பராமரிப்போடு இருக்கும் வண்டிக்கு, பதிவெண்ணின் இறுதியில் ‘ஹெச்’ எழுத்துடைய தனிப் பலகை அளிக்கிறது. அப்பலகை பெற்ற காருக்கு, எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும், ஆண்டு வரி 191 யூரோ 73 சென்ட் மட்டுமே. புகைக் கட்டுப்பாடு உள்ள நகர எல்லைகளுக்குள்ளும் அது செல்லலாம்; வேலைக்கு, கடைக்கு, உறவினர் வீட்டுக்கு என்று அன்றாடம் ஓட்டலாம். சோதனை மட்டும் கடுமையானது. துருப்பிடித்த, மாற்றியமைத்த வண்டிக்கு அந்தப் பலகை கிடைக்காது.

நம் பகுதிக்கு வருவோம். இங்கே மிச்சமிருக்கும் ஜெர்மன் கார்களில் பெரும்பகுதி, 1976 முதல் 1986 வரை வந்த டபிள்யூ.123 வகை பென்ஸ். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்தவை சில. தூதரகங்கள் பயன்படுத்தி, அரசு வணிகக் கழகம் மூலம் விற்கப்பட்டவை சில. உலகம் முழுவதும் சுமார் 27 லட்சம் வண்டிகள் செய்யப்பட்ட வகை இது. கோடியில் விலைபோகும் வாய்ப்பு இல்லை. ஆனால் ஜெர்மனியில் டாக்சியாக ஓடி ஓடி உழைத்த இந்த வகையைப்போல் பழுது பார்க்க ஏற்ற கார் வேறு ஏதும் என் கைக்கு வந்ததில்லை. இதன் 240 டி மாடலில் இருக்கும் ஓ.எம்.616 டீசல் எஞ்சின் நமக்கு அந்நியமானதும் அல்ல. அதே எஞ்சினைத்தான் பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்து, டெம்போ டிராவலரிலும் டிராக்ஸ் ஜீப்பிலும் பொருத்தியது. சபரிமலைக்கும் கொடைக்கானலுக்கும் ஆள் ஏற்றிச் சென்ற வேன்களைப் பார்த்துப் பழகிய மதுரை மெக்கானிக்குக்கு இந்த எஞ்சினில் தெரியாத இடமே கிடையாது. பிஸ்டன், ஹெட் வேலை, டீசல் பம்ப் காலிபரேஷன் அத்தனையும் இங்கேயே நடக்கும்.

அண்மையில் ஒரு 240 டி எங்களிடம் வந்தது. சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்து பம்பின் மேலுள்ள ‘ஸ்டாப்’ நெம்புகோலைக் கையால் அழுத்தித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். முன்பு பார்த்த இடத்தில் பம்பையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். இந்த வண்டியில் எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் அல்ல, வெற்றிடம்; அதாவது குழாயிலிருந்து காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் இழுவிசை. அந்த வெற்றிடக் குழாயின் கிளையில்தான் கதவுப் பூட்டுகளும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு கிளையாக அடைத்துப் பார்த்ததில், வலப்பக்கப் பின்கதவின் பூட்டுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு காய்ந்து கிழிந்து, அதன் வழியே காற்று புகுந்து வெற்றிடம் குலைந்திருந்தது. அந்தச் சவ்வை மாற்றியதும் சாவிக்கு எஞ்சின் அடங்கியது. இந்தக் கார்களுக்கு இத்தகைய அறிவுதான் வேண்டும். இதைத் தெரிந்தவர்களில் பலர் அறுபது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் பட்டறைகளில் கற்றுக்கொள்ள இளைஞர்கள் இல்லை.

மதுரையின் வறண்ட காற்று இரும்புத் தகட்டுக்கு நல்லது. தூத்துக்குடி, இராமேசுவரம் வண்டிகளில் மிதியடிக்குக் கீழே துருவே தரையாக இருக்கும்போது, இங்கே நின்ற வண்டிகளில் தகடு உறுதியாக இருக்கிறது. வெயிலில் டேஷ்போர்டு வெடிக்கும், கதவு ரப்பர் கல்லாகும், அவை மாற்றக்கூடியவை. மாற்ற முடியாத சேதத்தை மனிதர்கள்தான் செய்கிறார்கள். பெட்ரோல் செலவுக்கு அஞ்சி அசல் எஞ்சினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிய வண்டிகள் எத்தனையோ. அவற்றில் சிலவற்றின் ஆர்.சி. புத்தகத்தில் பழைய எஞ்சின் எண்ணே இன்னும் நிற்கிறது. பெயிண்ட் அடிக்கும்போது கழற்றிய அடையாளத் தகட்டைத் திரும்பப் பொருத்தாமல் தொலைத்த வண்டிகளும் உண்டு. சேஸிஸ் எண்ணில் மாடலைக் காட்டும் 123.123 என்ற ஆறு இலக்கங்களும், எஞ்சின் எண்ணின் தொடக்கத்தில் 616 என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அது பிறந்தபடியே இருக்கும் 240 டி. விலை பேசும் எவரும் முதலில் பார்ப்பது இதைத்தான். வண்டியைப் பெயிண்டரிடம் விடும் முன் இந்தத் தகடுகளைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பழைய ஆர்.சி., சுங்கத்துறை ரசீது, முதல் உரிமையாளரின் கடிதம் ஆகிய எதையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

1995-இல் புனேயில் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஆலை வளாகத்தில் பாகங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு வெளிவந்த டபிள்யூ.124 வகை பென்ஸுக்கும் இதே அறிவுரைதான். கூடுதலாக ஒன்று: இதன் பெட்ரோல் மாடல்களில் அக்காலத்தில் பயன்படுத்திய எஞ்சின் வயர்களின் மேலுறை சூட்டில் பொடிந்து உதிரும். காரணம் தெரியாமல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை மாற்றுபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

இப்போது அரசு கவனிக்க வேண்டிய செய்தி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் நிலையில் இருக்கும் வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்து ‘வி.ஏ.’ எழுத்துடைய எண் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இந்த விதி வந்ததை நான் மனமார வரவேற்றவன். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றைத் தவிர அன்றாடப் பயன்பாட்டுக்கு அந்த வண்டியை எடுக்கக் கூடாது. ஓடாமல் நின்றால் டீசல் பம்பும் பிரேக் சிலிண்டரும் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

அதைவிடப் பெரிய குறை, 15 ஆண்டுக்கும் 50 ஆண்டுக்கும் நடுவே இருக்கும் 35 ஆண்டுப் பள்ளம். அந்தக் காலம் முழுவதும் வண்டி வெறும் பழைய வண்டிதான். 2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த காருக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாகவும், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு அது முறையே 10,000 ரூபாயாகவும் 80,000 ரூபாயாகவும் ஆனது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், தந்தை கொண்டுவந்த பென்ஸை ஐந்தாண்டுக்கு ஒருமுறை 80,000 ரூபாய் கட்டிப் புதுப்பிப்பாரா, அல்லது வாசலில் வந்து நிற்கும் புரோக்கர் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்வாரா? பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். வாங்குபவர் வண்டியை ஓட்டுவதில்லை. ஹெட்லைட், பம்பர், ஸ்டீயரிங், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே விற்றுவிட்டு, மீதியைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார். வெளிநாட்டில் விலை ஏற ஏற, இங்கே முழு வண்டிகள் குறைந்து வருவதற்கு இதுவே காரணம். புனேயில் 1995-இல் செய்த அதே வகைக் கார் ஜெர்மனியில் 2025-லேயே ‘ஹெச்’ பலகைக்குத் தகுதி பெற்றுவிட்டது. இங்கே அது 2045 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எத்தனை மிஞ்சும்?

புகையைக் காரணம் காட்டி இக்கட்டணங்களை நியாயப்படுத்துபவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் பழைய சரக்கு வண்டிக்கு அது பொருந்தும். மாதத்தில் சில நாள் மட்டும் ஓடும், அசல் நிலையில் சோதித்துச் சான்று பெற்ற சில ஆயிரம் கார்களையும் அதே தட்டில் வைப்பது முறையல்ல. ஆகவே தொன்மை வாகனத்துக்கான வயதை 50-லிருந்து 30 ஆகக் குறைக்க வேண்டும். ஓட்டும் தூரத்துக்கு ஆண்டு வரம்பு வைத்தாவது அன்றாடப் பயன்பாட்டை அனுமதிக்க வேண்டும். உரிய சோதனையில் தேறிய வண்டிக்கு, இறக்குமதிக் கார் என்பதற்காக வாங்கும் கூடுதல் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். சோதனை ஜெர்மனியைப்போல் கடுமையாக இருக்கட்டும். எஞ்சின் மாற்றிய, எண் தொலைத்த வண்டிக்குச் சலுகை தர வேண்டியதில்லை.

தமிழக அரசும் தன் பங்கைச் செய்யலாம். கோ.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் கார்புரேட்டர், இயந்திர டீசல் பம்ப், வெற்றிடக் குழாய் அமைப்பு, பட்டி பூசி மறைக்காத முறையான டிங்கரிங் ஆகியவற்றுக்குச் சிறு பாடப்பிரிவு ஒன்றைத் தொடங்கினால், மூத்த மெக்கானிக்குகளில் பலர் வந்து கற்றுத்தரத் தயாராக இருப்பார்கள். நானும் வருவேன். வயது வரம்பைக் குறைக்கும் கோரிக்கையை மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, தேனி மக்களவை உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே அமைச்சரிடம் எழுப்ப வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
பழங்காநத்தம், மதுரை.