விளம்பர நிதி யாருடைய பணம்?

ஆசிரியருக்கு,

பிரபலமான ஒரு பெயரை உரிமம் பெற்றுக் கடை நடத்துகிறேன். ஆறு ஆண்டுகளாக மாத விற்பனையில் 2 சதவீதத்தை 'விளம்பர நிதி' என்று தலைமை நிறுவனத்துக்குக் கட்டினேன்; உரிமத் தொகை தனி. இப்போது நிறுவனம் திவால். நிதியில் மிச்சத்தைக் கேட்டதற்கு, திவால் நிர்வாகி பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பணம் டிரஸ்டாக, அதாவது உங்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பணமாக, தனிக் கணக்கில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா?"

நாற்பது பக்கங்களையும் புரட்டினேன். 'நிதி' இருக்கிறது, 'தனிக் கணக்கு' இல்லை. ஊழியர் சம்பளம் போன அதே கணக்கில்தான் எங்கள் பணமும் விழுந்திருக்கிறது. கலந்த பிறகு எது யாருடையது என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கி முன்வரிசையில் நிற்கிறது. நாங்கள் பிணையில்லாமல் கொடுத்தவர்களாம், வால்பகுதியில் நிற்கிறோம். (கடன் கொடுத்ததாகவே எனக்கு நினைவில்லை!) ஒப்பந்தம் இன்னும் முறியாததால், இந்த மாதத்து 2 சதவீதத்தைக் கேட்டும் கடிதம் வந்துவிட்டது.

விளம்பர நிதியைத் தனிக் கணக்கில் டிரஸ்டாக வைப்பதையும், ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கை அனுப்புவதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். புதிதாகக் கையெழுத்திடப் போகிறவர்கள், முதலில் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள்.

– உரிமக் கடைக்காரர் ஒருவர்