குறைந்த எண்ணெயில் பொடி அடைத்த கத்தரிக்காய்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னதும் நீ முதலில் தலைமுழுகியது பொடி அடைத்த கத்தரிக்காயைத்தான் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

எண்ணெயைக் குறைத்து இரண்டு தடவை செய்ததில் வெளியே கருகிவிட்டது, காம்படியில் வேகவில்லை, பொடி வாணலியில் கொட்டிவிட்டது என்கிறாய். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு மற்றதைப் பழையபடியே செய்தால் அப்படித்தான் ஆகும். கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே காற்றுதான் அதிகம். பச்சையாக வாணலியில் போட்டால் காற்று இருந்த இடத்தையெல்லாம் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஊற்ற ஊற்ற வாணலி காய்ந்தே கிடக்கும். காய் வெந்து சுருங்கும்போது குடித்ததில் கொஞ்சத்தைக் கக்கும். அதைப் பார்த்துத்தான் நாம் "எண்ணெய் பிரிந்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம்.

அதனால் எண்ணெய் படும் முன்பே சதையைச் சுருங்க வைத்துவிட வேண்டும். அதற்கு இட்லிப் பானை போதும். பிளந்த காய்களை, பிளவு கீழே பார்க்கும்படி இட்லித் தட்டில் வைத்து, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உள்ளே வைத்து நாலு நிமிஷம், காய் கொஞ்சம் பெரிதென்றால் ஐந்து. அரை வேக்காடுதான் கணக்கு. கட்டை விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், ஆனால் காம்பைப் பிடித்துத் தூக்கினால் நாலு இதழும் தொங்கக்கூடாது. எடுத்து ஒரு துணியில் கவிழ்த்து ஆறவிடு. ஊதா நிறம் கொஞ்சம் மங்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. பொடியை அடைத்துவிட்டு ஆவியில் வைத்துவிடாதே. பொடி ஈரத்தைக் குடித்துக் கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி ஆகிவிடும்.

காய் வாங்குவதில்தான் பாதி வேலை. அரைக் கிலோவுக்குப் பன்னிரண்டு நிற்கிற மாதிரி, எல்லாம் ஒரே அளவில் எடு. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் ஒன்று குழைந்துபோகும், இன்னொன்று நறுக்கென்று இருக்கும். தோல் மினுமினுப்பாக, காம்புக் குல்லா பச்சையாக இருக்க வேண்டும். அளவுக்குக் கனமாக இருந்தால் விதை முற்றியிருக்கும், கசக்கும். குல்லாவை ஒட்டி ஊசி குத்தின மாதிரி துளை இருந்தால் உள்ளே புழு. (வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, தெரியுமா? புனேயில் அதற்கு எங்கே போவாய்! அங்கே கிடைக்கிற சின்ன ஊதாக் காயே இதற்குப் போதும்.)

காம்பை வெட்டாதே. அடியிலிருந்து கூட்டல் குறி போலக் கீறி, காம்புக்கு ஒரு விரற்கடை முன்பே கத்தியை நிறுத்து. இதழ் பிய்ந்து பொடி கொட்டுவதற்கு முக்கால்வாசிக் காரணம் கத்தி அந்த ஒரு விரற்கடையைத் தாண்டுவதுதான். கீறினதும் உப்புத் தண்ணீரில் போடு. காற்றுப்பட்டால் சதை கறுத்துவிடும்.

இனிப் பொடி. கடலைப்பருப்பு, தனியா, வேர்க்கடலை மூன்றும் இரண்டிரண்டு டேபிள்ஸ்பூன். உளுந்து ஒன்று, எள் ஒன்று. காய்ந்த மிளகாய் ஆறு. சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம். கொட்டை, நார் எடுத்த புளி, சின்ன நெல்லிக்காய் அளவு. எல்லாவற்றையும் எண்ணெய் விடாமல் தனித்தனியாக வறு. எள்ளைக் கடைசியில் போட்டு, பொரியத் தொடங்கினதும் இறக்கிவிடு, ஒரு நிமிஷம் அசந்தால் கசந்துவிடும். புளியைப் பிய்த்துப் போட்டு அதே சூட்டில் புரட்டினால் ஆறினதும் மொறுமொறுவென்று உடையும். முழுக்க ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி பிடித்து ஜாடியில் அப்பிக்கொள்ளும். பருப்பு, தனியா, மிளகாய், புளி, பெருங்காயத்தை முதலில் அரைத்து, வேர்க்கடலையும் எள்ளும் கடைசியில் போட்டு விட்டு விட்டு இரண்டே சுற்று. ரவைப் பதம். அதற்கு மேல் ஓட்டினால் வேர்க்கடலை எண்ணெய் விட்டுப் பொடி களியாகும். மஞ்சள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூனுக்குக் குறைவாக, ஏனென்றால் காய் ஏற்கெனவே உப்புத் தண்ணீரில் கிடந்தது.

புளியைக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் உனக்கு உண்டு. இதில் வேண்டாம். புளிப்பு முதலிலேயே ஊறினால் காய் லேசில் வேகாது. காம்படியில் நறுக்கென்று நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

ஒரு காய்க்கு ஒன்றரை டீஸ்பூன் பொடி, அழுத்தித் திணிக்காமல். அடி கனமான, அகலமான வாணலியில் நாலு டீஸ்பூன் நல்லெண்ணெய். கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்ததும் காய்களை ஒரே வரிசையாகப் படுக்க வை. மேலே தட்டைப் போட்டு, அந்தத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்று. தட்டு சூடேறாமல் இருப்பதால் உள்ளே எழும் ஆவி அதில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் காய் மேலேயே விழும். தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், எண்ணெய் கூட்டவும் வேண்டாம். சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். நடுவில் மூன்று தடவை காம்பைப் பிடித்துத் திருப்பினால் போதும். கரண்டி போட்டுக் கிளறினால் பொடி கொட்டும், கொட்டின பொடிதான் முதலில் கருகும், கருகின வாசனை எல்லாக் காயிலும் ஏறும். வெந்ததா என்று பார்க்கக் காம்பை ஒட்டிக் கத்தி நுனியால் குத்து, நடுவில் குத்தினால் ஏமாந்துபோவாய். கடைசி இரண்டு நிமிஷம் தட்டை எடுத்துவிட்டு மீதிப் பொடியைத் தூவிப் புரட்டு.

நாலு டீஸ்பூன் என்றால் 20 மி.லி., ஏறக்குறைய 160 கலோரி. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாற்பது. ஆனால் எள்ளிலும் வேர்க்கடலையிலும் எடையில் பாதி எண்ணெய்தான், அதையும் கணக்கில் வை. பொடி ருசியாக இருக்கிறதென்று சாதத்தில் தனியாகப் பிசைந்து சாப்பிட்டால் மிச்சப்படுத்தினது அங்கே போய்விடும். தேங்காய் சேர்க்காததற்கும் அதுதான் காரணம், தவிரவும் தேங்காய் போட்டால் பொடி இரண்டு நாள் தாங்காது. இது ஃப்ரிட்ஜில் பதினைந்து நாள் இருக்கும்.

உங்கள் ஊர்ச் சோள ரொட்டியான பாக்ரிக்கும் இது பொருந்தும், ரசம் சாதத்துக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டில் "பரலி வாங்கி" என்று மராட்டிய முறையில் அடைத்த கத்தரிக்காய் செய்கிறார்கள் என்றாயே, வேர்க்கடலையோடு வெல்லமும், கல்பாசி போட்டு அரைக்கும் அவர்கள் ஊர் கோடா மசாலாப் பொடியும் அதில் சேர்ப்பார்கள். அரைக் கிலோ காய்க்கு எவ்வளவு மசாலா, கல்பாசி எத்தனை இதழ் என்று கேட்டு எழுது. வெல்லத்தை மட்டும் பாதியாக்கி இதே முறையில் செய்து பார்க்கலாம்.

உன்,
விசாலி