அறுக்கப்படாத மக்காச்சோளமும் இந்த ஆண்டு மான் வேட்டையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

தென்மேற்கு விஸ்கான்சின், அமெரிக்கா
2019 நவம்பர் 14

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 14-ஆம் தேதி வில் வேட்டை தொடங்கியதிலிருந்து, பரண்களை வாடகைக்குத் தந்து மான் இறைச்சியும் வெட்டித் தரும் எங்கள் கடைக்கு வரும் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். கடந்த ஆண்டு ஒரே காலையில் பத்து மான்களைப் பார்த்த அதே பரணில், இந்த ஆண்டு விடியலிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே, மான்களெல்லாம் எங்கே போயின என்பதே அந்தக் கேள்வி. நோய் கண்டு அழிந்துவிட்டனவோ என்றும் சிலர் கவலையோடு விசாரித்தீர்கள். துப்பாக்கி வேட்டை வருகிற 23-ஆம் தேதி தொடங்க இருப்பதால், எங்களுக்குத் தெரிந்த விளக்கத்தையும், அதையொட்டிக் கடையில் செய்திருக்கும் மாற்றங்களையும் இந்த மடலில் எழுதுகிறோம்.

மான்கள் இங்கேதான் இருக்கின்றன. அவற்றை மறைத்து வைத்திருப்பது மக்காச்சோளம். அது இன்னும் வயலில் நிற்பதற்கான காரணம், ஆறு மாதங்களுக்கு முன்பு பெய்த மழை.

இந்த வசந்தத்தில் நடுமேற்கு மாநிலங்களில் மண் காயவே இல்லை. சேற்றில் டிராக்டரை இறக்கினால் மண் இறுகிப்போகும், விதையும் அழுகிப்போகும் என்பதால் உழவர்கள் வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மே 26-ஆம் தேதிக்குள் நாட்டின் மக்காச்சோள நிலத்தில் சராசரியாக 90 சதவீதம் விதைத்து முடிந்திருக்க வேண்டும். இந்த ஆண்டு 58 சதவீதமே முடிந்திருந்தது. நமக்குத் தெற்கே இல்லினாயில் அது 35 சதவீதமாகவும், இண்டியானாவில் 22 சதவீதமாகவும் இருந்தது. எல்லாப் பயிர்களையும் சேர்த்து ஏறக்குறைய 1 கோடியே 94 லட்சம் ஏக்கரில் விதைக்கவே முடியவில்லை என்று அமெரிக்க வேளாண் துறை ஆகஸ்டில் அறிவித்தது.

பிந்தி விதைத்த பயிர் பிந்தித்தான் முற்றும். கதிரின் நுனியில் மயிர் போன்ற பட்டிழை தோன்றிய நாளிலிருந்து மணி முற்றுவதற்கு ஏறக்குறைய 60 நாள் ஆகும். அதன் பிறகு மணியின் ஈரம் வயலிலேயே குறைய வேண்டும். வழக்கமாக 20 முதல் 25 சதவீத ஈரத்தில் அறுத்து, உலர்த்திக்குள் செலுத்தி, 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து சேமிப்பார்கள். இந்த இலையுதிர் காலமோ குளிரும் மழையுமாகக் கழிந்ததால் மணி காயவில்லை. உலர்த்திகளுக்கு வேண்டிய புரொப்பேன் வாயுவுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. நவம்பர் 10 நிலவரப்படி நாட்டின் மக்காச்சோளத்தில் 66 சதவீதமே அறுக்கப்பட்டிருக்கிறது. இந்நாளில் 85 சதவீதம் முடிந்திருப்பது வழக்கம்.

வேட்டைக்காரருக்கு இது எப்படிப் பாதிப்பாகிறது என்பதைக் கடந்த சனிக்கிழமை நாங்கள் நேரில் கண்டோம். கடைக்குப் பின்னால் உள்ள 40 ஏக்கர் வயலில் அறுவடை இயந்திரம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பாதி வயல் அறுத்து முடியும்வரை ஒரு மான்கூட வெளியே வரவில்லை. இயந்திரம் நெருங்க நெருங்க அவை உள்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கடைசிப் பன்னிரண்டு வரிசைகள் மிஞ்சியபோது தட்டைகளுக்கு நடுவிலிருந்து முதலில் ஒரு பெண் மானும் இரண்டு குட்டிகளும், பிறகு மேலும் நான்கு மான்களும் வெளியேறி ஓடைப் பக்கம் ஓடின. அந்த வயலிலிருந்து 200 மீட்டர் தொலைவில், கருவாலி மரத்துப் பரணில், எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அக்டோபர் முழுவதும் வார இறுதிகளில் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மக்காச்சோளத்துக்குள் மானுக்கு இரையும் மறைவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பக்கத்தில் தண்ணீரும் இருந்துவிட்டால் அது பகலில் வெளியே வரத் தேவையே இல்லை. வழக்கமான ஆண்டில் அக்டோபர் முடிவதற்குள் இந்த மறைவு பெரும்பாலும் நீங்கி, மான்கள் மரக்காட்டுக்கும் அறுத்த வயலுக்கும் இடையே போய்வரத் தொடங்கும். நம்முடைய பரண்கள் எல்லாம் அந்தப் போக்குவரத்தை நம்பி அமைக்கப்பட்டவை.

விதைக்கப்படாமல் போன வயல்களும் மான்களின் தடத்தை மாற்றியிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மண்ணைக் காப்பதற்காக ஓட்ஸ், முள்ளங்கி, டர்னிப், குளோவர் முதலியவற்றை மூடுபயிராக விதைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் எங்களிடம் வந்த ஒரு மானின் இரைப்பையைத் திறந்து பார்த்தபோது, நவம்பரில் நாங்கள் வழக்கமாகக் காணும் மஞ்சள் மணிகள் மிகக் குறைவாகவும், மென்று அரைத்த பச்சைத் தழை பெருமளவிலும் இருந்தன. எனவே உங்கள் வேட்டை இடத்துக்கு அருகில் இத்தகைய பசும்வயல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, புதிய கருவி எதையும் வாங்குவதைவிடப் பயன்தரும் என்பது எங்கள் கருத்து.

இந்த ஆண்டு நாள்காட்டியும் நமக்கு உதவவில்லை. நவம்பரின் நான்காம் வியாழக்கிழமையான நன்றி கூறும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமையில் துப்பாக்கி வேட்டை தொடங்கும் என்பது நம் மாநில வழக்கம். கடந்த ஆண்டு அது நவம்பர் 17-ஆம் தேதியே வந்தது. இந்த ஆண்டு இருக்கக்கூடிய தேதிகளிலேயே கடைசியான 23-இல் வருகிறது. இணைசேரும் பருவமோ பகல் குறுகுவதைப் பொறுத்து ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வந்து போகிறது. விதைப்புத் தாமதம் அதைத் தள்ளிப்போடுவதில்லை. ஆண் மான்கள் பகலிலும் எச்சரிக்கையின்றி அலையும் நாட்கள் 23-ஆம் தேதிக்குள் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆகவே தொடக்க வார இறுதியில் குறைவான மான்களே கண்ணில் பட்டால், அது உங்கள் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்டோபர் நடுவில் அறுவடை தொடங்கிவிடும் என்று நம்பி, பரண்களைச் சோள வயல் ஓரத்துக்கு மாற்றும்படி செப்டம்பரில் பலருக்கும் ஆலோசனை சொன்னோம். அந்த வயல்களில் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. உழவர்களிடம் விதைத்த தேதியைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கேட்காதது எங்கள் பிழை. அதற்காக வருந்துகிறோம்.

உழவரிடம் பேசும்போது, சீக்கிரம் அறுக்கும்படி அவரை நெருக்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம். நமக்கு இது ஒரு வேட்டைக் காலத்தின் ஏமாற்றம். அவருக்கு ஓராண்டின் வருமானம். ஈரச் சோளத்தை அறுத்தால் உலர்த்தும் செலவு அவரை அழுத்தும். அறுக்காமல் விட்டாலோ பனியும் காற்றும் தட்டையைச் சாய்த்துவிடும். எந்த வயலை எப்போது அறுக்க எண்ணியிருக்கிறார் என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் மணிக்காக அடுத்த சில மாலைகளில் மான்கள் வரும். அந்த நாட்களுக்கு உங்கள் விடுப்பை ஒதுக்கி வைப்பது நல்லது.

நிற்கும் சோளத்துக்குள் நுழைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில் வேட்டைக்காரர்கள், நில உரிமையாளரின் அனுமதியோடு, தோகைகள் சலசலக்கும் காற்று நாளில் வரிசைகளுக்குக் குறுக்கே மெல்ல நடந்து, ஒவ்வொரு வரிசையாகத் தலையை நீட்டிப் பார்த்து வேட்டையாடுவது உண்டு. துப்பாக்கிக் காலத்தில் இதைச் செய்ய வேண்டாம். இரண்டு வரிசைக்கு அப்பால், பாதுகாப்புக்காக வேட்டைக்காரர் அணியும் ஆரஞ்சு மேலாடைகூடத் தெரியாது. தட்டை அசைகிறது என்பதற்காக ஒருபோதும் சுடாதீர்கள். மறுபக்கத்தில் உழவரோ உங்கள் தோழரோ இருக்கக்கூடும்.

இந்த நிலைமையை முன்னிட்டு, நவம்பர் 23 முதல் டிசம்பர் 1 வரை இறைச்சி வெட்டித் தருவதற்கு முன்பணம் கட்டியவர்கள், மான் கிடைக்காவிட்டால் அதே தொகையை டிசம்பர் 2 முதல் 11 வரையிலான குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கிகளுக்கான வேட்டைக் காலத்துக்கோ, 12 முதல் 15 வரையிலான கொம்பில்லா மான் வேட்டைக்கோ, வில் வேட்டை முடியும் ஜனவரி 5-ஆம் தேதி வரைக்குமோ மாற்றிக்கொள்ளலாம்; கூடுதல் கட்டணம் இல்லை. பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர்களுக்கு முழுத் தொகையும் தரப்படும். வழக்கமாக டிசம்பர் முதல் வாரத்தில் மூடும் குளிர் அறையை இந்த ஆண்டு ஜனவரி வரை திறந்து வைத்திருப்போம். வாடகைப் பரண்களை இடம் மாற்ற வேண்டியவர்களுக்கு எங்கள் ஆட்களே வந்து மாற்றித் தருவார்கள்.

மேலும், அக்கம்பக்கத்து உழவர்களில் இசைவு தந்தவர்களின் வயல்கள் எந்தெந்த நாளில் அறுக்கப்பட்டன என்பதை, கல்லாவுக்கு அருகில் உள்ள பலகையில் ஒவ்வொரு நாள் மாலையும் எழுதி வைக்கிறோம். நேரில் வர இயலாதவர்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தால் படித்துச் சொல்வோம். நேற்று வரை அதில் மூன்று வயல்கள் ஏறியிருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்