இசை வகுப்பில் பறைக்கும் உறுமிக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை நான். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இசைக் கல்வியைப் பறை, உறுமி, பம்பை முதலிய கருவிகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும், அவற்றை வாசித்தே வாழும் உள்ளூர்க் கலைஞர்களை மதிப்பூதியம் தந்து பள்ளிக்கு அழைக்க வேண்டும் என்றும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நன்கொடையாக வந்த கீபோர்டு, பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் பீரோவிலேயே பூட்டிக் கிடந்தது. பாட்டு வகுப்பு என்பது ஆண்டு விழாவுக்காக ஐந்தாறு பேரைத் தேர்ந்து பழக்குவதாகவே இருந்தது. இந்நிலையில் பக்கத்துக் கிராமத்துப் பறைக் கலைஞர் ஒருவரை ஒரு மாதம் வரவழைத்தோம். முதல் வாரம் அவர் பறையைத் தொடவே விடவில்லை. 'தகிட', 'தகதிமி' என்று வாயால் சொல்லவும், கையால் தட்டவும், அதற்கேற்பக் காலெடுத்து வைக்கவும் வகுப்பு முழுவதையும் பழக்கிய பிறகே அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் கையில் கொடுத்தார். மழை பெய்த ஒரு நாளில் தோல் தளர்ந்து ஒலி மங்கியபோது, அவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைச் சூடேற்றியதைச் சுற்றி நின்று பார்த்த எட்டாம் வகுப்பினருக்கு, தோலின் விறைப்புக் கூடினால் சுருதி உயரும் என்பதை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாவு வீட்டில் அடிப்பதை எங்கள் பிள்ளை தொடுவதா என்று பெற்றோர் சிலர் வந்து கேட்டதையும் மறைக்க விரும்பவில்லை. மாசி-பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடமும் முளைப்பாரியும் எடுத்து மேளத்தின் பின்னால் நடப்பவர்கள் நாம். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம் தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகிறது. ஆகவே அந்த வெறுப்பு கருவியின் மீது உள்ளதன்று. தலைமுறை தலைமுறையாக அதை அடிக்க வைக்கப்பட்டவர்களின் சாதி மீது உள்ளது. இதைப் பள்ளிக்கூடம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

எளிய கருவி என்ற தயக்கமும் வேண்டியதில்லை. கஞ்சிரா என்னும் சிறிய தோற்கருவியைக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்தவர் அண்டையிலுள்ள புதுக்கோட்டையின் மான்பூண்டியா பிள்ளை. மேடைகளில் ஒலிக்கும் மண்பானைக் கருவியான கடம் நம் மாவட்டத்து மானாமதுரை மண்ணில் உருவாகிறது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நம் காரைக்குடிக்கு அருகிலுள்ள கானாடுகாத்தானில் பிறந்தவர். பாட்டு நம் மொழியில் இருக்க வேண்டும் என்று எழுந்த இந்த மண், கருவியும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கதே. ஆனால் போட்டிக்குத் தேர்வாகும் சிலரோடு அது நின்றுவிடுகிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை போதும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களின் விவரம் அரசிடமே இருப்பதால், கலைஞர்களைத் தேடி அலையவும் வேண்டாம்.

எங்கள் பள்ளிக்கு வந்தவருக்கு ஆசிரியர்கள் சேர்த்துக் கொடுத்த தொகை பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகப் போயிற்று. விழா வீடுகளில் பந்தலுக்கு வெளியே நிறுத்தப்படும் அத்தகையவர்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வகுப்பறைக்குள் வரும் நிலையை வரும் கல்வியாண்டிலேயே ஏற்படுத்தித் தருமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி.