உடைந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல ஓர் ஆய்வுக்கூடம்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூர்களில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நம்மூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தலைமையாசிரியர் அறையில் இருக்கும் பச்சை பீரோ நினைவிருக்கும். உள்ளே சோதனைக் குழாய்கள், குடுவைகள், ஒரே ஒரு நுண்ணோக்கி. நாம் படித்தபோதும் பூட்டியிருந்தது, இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. ஒன்று உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். நாற்பது பிள்ளைகள் கையில் எடுத்துக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. தேர்வு நெருங்கும்போது பீரோ திறக்கும். ஆசிரியர் செய்து காட்டுவார், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கினால் முடிந்தது. ஆறு முதல் எட்டு வரைக்கும் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. கருத்தாளர்கள் வந்து சோதனைகள் செய்யவைக்கிறார்கள். பதினொன்றுக்கு மேல்நிலைப் பள்ளிக்குப் போனால் அங்கே ஆய்வுக்கூடம் உண்டு. நடுவில் ஒன்பதும் பத்தும்தான் அந்தரத்தில் தொங்குகின்றன. அறிவியல் பிரிவு எடுப்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்வதும் அப்போதுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தலைமையாசிரியரின் அனுமதியோடு பத்துக் குவிலென்சுகள் வாங்கிப் போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். வராந்தா நிழலில் நின்று, மைதானத்து வேப்பமரத்தைப் பார்த்து லென்சைப் பிடிக்க வேண்டும்; பின்னால் ஒரு வெள்ளைத் தாள். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் மங்கல் போய் மரம் தெளிவாக விழும். லென்சுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரம்தான் குவியத் தொலைவு. "அண்ணே, மரம் தலைகீழா நிக்குது!" என்று ஒரு பெண் கத்தினாள். 'தலைகீழான மெய்பிம்பம்' என்று நோட்டில் எத்தனையோ முறை எழுதியவள்தான். வேப்பிலை அசைவது வரை தாளில் தெரியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. லென்சில் பாதியைக் கையால் மறைத்தால் பாதி மரம் காணாமல் போகுமா என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லாமல் மறைத்துப் பார்க்கச் சொன்னோம். முழு மரமும் அப்படியே நின்றது, வெளிச்சம் மட்டும் குறைந்தது.

அன்றைக்கு ஒரு லென்ஸ் கீழே விழுந்து ஓரம் உடைந்தது. கைநழுவ விட்டவன் முகம் வெளிறிவிட்டது. "சரி, போகட்டும், அடுத்ததை எடு" என்றோம். இதைச் சொல்வதற்குத்தான் பணம் கேட்கிறோம்.

வடக்குக் கட்டடத்தில் காலியாக இருக்கும் வகுப்பறையைத் தலைமையாசிரியர் ஒதுக்கியிருக்கிறார். மேசைகள், தண்ணீர்க் குழாய், சிங்க், மின் இணைப்புக்கு 90,000 ரூபாய். நுண்ணோக்கிகள், லென்சுகள், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், கண்ணாடிச் சாமான்களுக்கு 70,000. உடைவதற்கென்றே ஆண்டுக்கு 10,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 30,000. இந்தக் கடைசித் தொகையைக் குறைக்கலாமே என்று குழுவிலேயே சிலர் கேட்டார்கள். குறைத்தால் இன்னொரு பச்சை பீரோதான் மிஞ்சும். மொத்தம் 1,90,000. குழுவினர் போட்டது 62,000 போக, 1,28,000 தேவை.

ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருவதாக ஒருவர் அன்போடு சொன்னார். நன்றி, ஆனால் இப்போதைக்கு வேண்டாம். படத்தில் பார்ப்பதற்குப் பிள்ளைகளிடம் வேறு வழி இருக்கிறது. அமில, காரச் சோதனைக்கான செம்பருத்திப் பூவும் நாங்களே பறித்துக்கொள்வோம். இதழை வெந்நீரில் ஊறவைத்தால் போதும், அந்தச் சாறு எலுமிச்சையில் சிவக்கும், சோப்புத் தண்ணீரில் பச்சையாகும்.

கோயில் கொடை மாதிரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி இல்லை. நூறு ரூபாயும் வரவுதான். பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். கணக்கு விவரமும் ரசீதும் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கும். வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் கதவின் உட்புறம் ஒரே பட்டியலாக எழுதப்படும். டியூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தச்சு வேலை, மின் வேலை தெரிந்தவர்கள் இரண்டு நாள் உழைப்பைத் தந்தாலும் பெரிய உதவி. அரையாண்டு விடுமுறைக்குள் அறை தயாராகிவிட்டால் இந்த ஆண்டு செய்முறைத் தேர்வுக்கே பயன்படும்.

பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். மீதி ஒன்பது லென்சுகளோடு வராந்தாவில் இருப்போம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆய்வுக்கூடக் குழு
(பெற்றோரும் முன்னாள் மாணவர்களும்)