கூழ் பைக்கற்றும் என் சீ.ஆர். கொப்பியும்

கொக்குவில்
மாசி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் மடல் போன கிழமையே கிடைத்துவிட்டது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் கோவிக்காதே. வளவில் பனங்கிழங்கு கிண்டி முடிந்து, முற்றத்துப் பாயெல்லாம் அதைப் பிளந்து போட்ட ஒடியல் காய்கிறது. காகத்துக்கும் மழைக்கும் காவல் இருப்பது என் பொறுப்பு என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. அந்தக் காவலில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் மகன் ஒடியல் கூழைக் கலவையாக்கிப் பைக்கற்றில் அடைத்து ரொறன்ரோவில் விற்கப் போகிறான் என்று அறிந்து சந்தோசம். ஆனால் “இன்னும் ஒருவரும் செய்யவில்லை, முதலில் இறங்குகிறவனுக்குத்தான் சந்தை, இணுவில் காணியை ஈடு வைக்கலாமா” என்று கேட்டிருந்தாயே, அங்கேதான் எனக்கு இடறுகிறது.

ஒருவரும் செய்யவில்லை என்பது முதலில் பிழை. ஏழெட்டு வருடத்துக்கு முன்னர் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் கூழ் பைக்கற்றை நானே வாங்கினேன். வீட்டில் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டு வடிவாகத்தான் காய்ச்சினார்கள். வாயில் வைத்தால் ஒரே கயர்ப்பு. ஒடியல் மாவை ஊறவிட்டு, தண்ணீரை வடித்துப் பிழிந்தால்தான் அந்தக் கயர்ப்புப் போகும் என்று உனக்குத் தெரியும், உன் அம்மா செய்வதைப் பார்த்திருப்பாய். பைக்கற்றில் மிளகாயும் மஞ்சளும் மாவோடேயே கலந்து கிடந்தன. பிழிந்தால் உறைப்பும் சேர்ந்து போய்விடும், பிழியாவிட்டால் குடிக்க முடியாது. நான் இரண்டாவது பைக்கற் வாங்கவில்லை. ஒரு வருடத்தில் அது கடையிலும் இல்லை. இப்போது போய்க் கேட்டால், அதை யார் கொண்டுவந்து போட்டார் என்று கடைக்காரருக்கே ஞாபகம் இல்லை. நாளைக்கு உன் மகன் வென்றுவிட்டால், கூழ் பைக்கற்றைக் கண்டுபிடித்தவன் என்று அவனைத்தான் ஊர் சொல்லும்.

இந்த மறதி படித்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. முதலில் வந்த கம்பனிதான் பெரும்பங்கைப் பிடித்து நிற்கும் என்று சொன்ன பழைய ஆய்வுகள் பல, இப்போது தொழில் நடத்துகிறவர்களிடம் போய் “நீங்களா முதலில் வந்தது?” என்று கேட்டு எழுதியவை. மூடிக்கொண்டு போனவன் எங்கே வந்து பதில் சொல்வது? 1993இல் கோல்டர், டெல்லிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பழைய பத்திரிகைகளையும் பதிவுகளையும் கிளறி, 50 வகைப் பொருட்களில் ஏறக்குறைய 500 வணிகப் பெயர்களின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தார்கள். முன்னோடிகளில் நூற்றுக்கு 47 பேர் தோற்றுப் போயிருந்தார்கள். சந்தை வளரத் தொடங்கிய காலத்தில் முன்னுக்கு வந்து நிலைத்தவர்கள், முன்னோடிக்குச் சராசரியாக 13 வருடம் பிந்தித்தான் உள்ளே வந்திருந்தார்கள். பாம்பர்ஸை எடுத்துக்கொள். குழந்தைக்குக் கட்டி எறிகிற நாப்கினைத் தொடக்கியதே அவர்கள்தான் என்று எல்லோருக்கும் நினைப்பு. அவர்கள் வந்தது 1961இல். சக்ஸ் என்ற பெயரில் அதே சாமான் 1930களிலேயே கடைக்கு வந்துவிட்டது. பாம்பர்ஸும் முதலில் விலை கூடியது என்று விலைப்படாமல் கிடந்து, விலையை இறக்கிய பிறகுதான் ஓடியது.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. தென்னாசியாவிலேயே முதல் கைத்தொலைபேசிச் சேவை இலங்கையில்தான் தொடங்கியது, 1989இல், செல்டெல். பிறகு இன்னும் இரண்டு கம்பனிகள் வந்தன. நான்காவதாக, 1995இல் வந்தது டயலொக். அது டிஜிட்டல் தொழில்நுட்பத்தோடு வந்தது, மற்றவர்கள் பழைய அனலொக்கில் பணத்தைக் கொட்டியிருந்தார்கள். செல்டெல் பிறகு டிகோ ஆகி, எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்சோடு கலந்து போனது. பெயரைக் கேட்டால் இப்போதைய பெடியங்களுக்குத் தெரியாது. முதல் பிறந்தவன் பழைய சட்டையோடு நிற்க, பிந்தி வந்தவன் புதுச்சட்டையோடு வந்து பந்தியில் இருந்தான்.

அப்புறம், இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது மச்சான். நானும் ஒரு காலத்தில் முதல் ஆள்தான்.

2003இல், சமாதான காலத்தில், கொழும்பிலிருந்து நாலு கொம்பியூட்டரை லொறியில் ஏற்றி, ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் இறக்கிக் காட்டி ஏற்றி, இங்கே கொண்டுவந்து நெற்கபே திறந்தேனே. “இவ்விடத்தின் முதலாவது இன்ரநெற் நிலையம்” என்று பெரிய போர்டும் எழுதிப் போட்டேன். முதல் ஆறு மாதமும் நான் செய்தது வியாபாரம் இல்லை, வாத்தியார் வேலை. மௌஸை மேசையில் வைத்து அசைக்க வேண்டும் என்று சொன்னால் திரைக்கு மேலே கொண்டுபோய் வைக்கிற அப்பு, “மகன் கதைக்கிறது கேட்குது, எங்க நிற்கிறான்?” என்று பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற ஆச்சி. மணித்தியாலத்துக்கு 60 ரூபா என்று எழுதியிருந்தேன், பாதிப் பேரிடம் வாங்கவும் மனம் வரவில்லை.

2005இல் ஐம்பது யார் தள்ளி இன்னொருவர் திறந்தார். நான் கொடுத்த விலைக்குப் பாதியில் அவருக்குக் கொம்பியூட்டர் கிடைத்தது, வெப்கமும் ஏசியும் வேறு. ஈமெயில் என்றால் என்ன என்று அவர் ஒருவருக்கும் படிப்பிக்க வேண்டி வரவில்லை, அந்தச் செலவு முழுக்க என்னுடையது. நான் பழக்கிவிட்ட பெடியங்கள் ஒரே மாதத்தில் ஏசிக்குள் போய் இருந்துவிட்டார்கள். போகிற போக்கில் கையும் காட்டுவார்கள்.

ஆனால் கிழவிகள் போகவில்லை. ஏன் தெரியுமா? அவர்களுடைய பாஸ்வேர்ட் எல்லாம் என்னுடைய சீ.ஆர். கொப்பியில்தான், அந்தத் தடித்த மட்டைக் கொப்பியில்தான், இருந்தது. ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது என்று, அறுபதுக்கு மேற்பட்டவர்களின் பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட் மூன்றையும் கோடு போட்டு எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். இப்போதைய பிள்ளைகள் கேட்டால் தலையில் அடிப்பார்கள். கொப்பியைக் கேட்டிருந்தால் கிழித்துக் கொடுத்திருப்பேன், ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. உன் அம்மாவின் பாஸ்வேர்ட்டும் அதில் இருக்கிறது. உன் வீட்டுப் பெயரும், நீ விமானம் ஏறிய வருடமும்.

முதலில் வந்ததால் என் கையில் மிஞ்சியது அந்தக் கொப்பி ஒன்றுதான். போர்டைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. 2006 ஆவணியில் தெற்கே போகிற ஏ9 பாதை சண்டையில் பூட்டுப்பட்டதும் மற்றவரின் ஏசியும் என் கொப்பியும் ஒன்றாகத்தான் படுத்தன. பிறகு பாதை திறந்தபோது ஆட்களின் கையில் போன் இருந்தது. கடையை விட்டுவிட்டேன். போர்ட் இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை.

ஆக, முதலில் போவதில் பிரயோசனம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓடிப்போய் எதைப் பிடிக்கிறாய் என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு போட்டோக்கொப்பிக் கடையைப் பார். அதைவிட நல்ல மெசின் பக்கத்துக் கடையில் இருக்கிறது, காசும் குறைவு. ஆனால் பழைய வினாத்தாள்களும் நோட்ஸும் வருட வாரியாக அந்தக் கடையில்தான் அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்த அடுக்கைப் பிந்தி வருகிறவன் காசு கொடுத்து வாங்க முடியாது. வைபரும் ஒரு காலம் நம் வீடுகளில் அப்படித்தான் இருந்தது, வட்சப்பில் கதைக்கிற வசதி வரும்வரைக்கும். அது 2015இல் வந்ததும், எல்லோருடைய நம்பரும் ஏற்கெனவே அங்கே கிடந்ததால் சனம் மாறிவிட்டது. வைபர் சேர்த்த கூட்டத்தைவிட மற்றவன் சேர்த்த கூட்டம் பெரிது.

உன் மகனின் விஷயத்தில் பிடிக்க வேண்டியது ரொறன்ரோக் கடையின் தட்டு இல்லை. பைக்கற்றை எவனும் பார்த்து அடிப்பான், இன்னும் பளபளப்பாகவும் அடிப்பான். பிடிக்க வேண்டியது ஒடியலை. ஆவணி, புரட்டாதியில் பனம்விதை பாத்தி போட்டால்தான் தை, மாசியில் கிழங்கு. அதை விட்டால் அடுத்த வருடம்தான். பூஞ்சணம் பிடிக்காமல் காயவைக்கத் தெரிந்த வீடுகள் குறைந்துகொண்டு வருகின்றன. அப்படி இருபது முப்பது வீடுகளோடு இப்போதே கதைத்து, பாத்தி போடுகிற காலத்திலேயே முற்பணம் கொடுத்து வைத்தால், இரண்டாவதாக வருகிறவன் வெறும் பைக்கற்றோடு நிற்பான். அதற்குக் காணியை ஈடு வைக்கத் தேவையில்லை. மாவை ஒரு பையிலும் உறைப்பை இன்னொரு பையிலும் அடைக்கச் சொல். ஊறவிட்டுப் பிழிகிற முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படத்தோடு போடச் சொல். அந்தக் கயர்ப்புப் பைக்கற்றுக்கு நான் கொடுத்த காசு இப்படியாவது உதவட்டும்.

வருகிற மாதமே என்ற அவசரத்தை மட்டும் விட்டுவிடு. சித்திரைக்கு அவனை இங்கே அனுப்பு. இந்தப் பாயில் காய்கிறதில் ஐந்து கிலோ எடுத்து வைக்கிறேன், மாவாக இடித்து அவனே காய்ச்சிப் பார்க்கட்டும். வரும்போது எனக்கு வாசிப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்துவிடு, இரண்டு புள்ளி. உன் அம்மாவின் பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்து அவனிடம் தருகிறேன்.

தெற்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் இருந்து சத்தமும் வருகிறது. பாயைச் சுருட்டப் போகிறேன்.

உன்,
பழைய நெற்கபேக்காரன்