திம்பம் மலையேறும் லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும், கிளீனர் தம்பிகளுக்கும், கரும்பு லோடு ஏற்றி அனுப்புகிறவர்களுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை விடிகாலையில் சத்தியமங்கலத்தில் கிளம்பும் தாளவாடி பஸ்ஸில், மடியில் நோட்டுக்கட்டை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் டீச்சர் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே ரோட்டில் கீழே இறங்குவேன். பதினாறு வருடமாக இப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் உங்கள் வண்டி ஏறிவரும்வரை எங்கள் பஸ் ஓரங்கட்டி நிற்கும்போது, கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பலரை எனக்கு முகம் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஆசனூர் தாண்டி, கர்நாடக எல்லையோரம் இருக்கும் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பை உருவி ரோட்டோரம் வீசாதீர்கள்.

போன மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கரும்பு லாரி நின்றது. லோடு உயரம் அதிகம். மேலே இருக்கும் தடுப்புக் கம்பியில் இடிக்கும் என்று கிளீனர் பையன் மேலேறி, மேல்வரிசைக் கரும்பை உருவி இடது பக்கம் எறிந்தான். இரண்டாவது பிடி கீழே விழுவதற்குள் மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானை வந்துவிட்டது. பின்னாலேயே ஒரு குட்டி. தாய் ஒரு கரும்பை எடுத்து, முன்னங்காலை வைத்து அழுத்தி ஒடித்து, பாதியைத் தன் வாயில் போட்டது. மிச்சத்தைக் குட்டி எடுத்துக்கொண்டது. பஸ்ஸில் எல்லோரும் போனை எடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். லாரி நகர்ந்து போனது. அடுத்து ஒரு தக்காளி வண்டி வந்தது. தாய் அசையவில்லை. குட்டி மட்டும் இரண்டடி ரோட்டுக்குள் வந்து, தும்பிக்கையைத் தூக்கி அந்த வண்டியின் தார்ப்பாயைத் தடவியது. கண்டக்டர் மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா டீச்சர், பழகிருச்சு. அடுத்த வருசம் இது தனியா வந்து நிக்கும்."

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானைக் கூட்டத்தில் குட்டி எல்லாவற்றையும் தாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. எந்த மாதம் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கிடைக்கும், எந்த மரத்தின் பட்டை இனிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு அது. அந்த வரிசையில் இப்போது லாரியும் சேர்ந்துகொண்டது. அதற்குக் கரும்பு லாரி, தக்காளி லாரி, ஆம்புலன்ஸ் என்று வித்தியாசம் தெரியாது. நிறுத்தினால் தின்னக் கிடைக்கும் என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் உயரத்தில், இரும்புக் கேபினுக்குள் இருக்கிறீர்கள். பின்னால் வருகிற நாங்கள் அப்படி இல்லை. என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பா விடிகாலையில் மொபெட்டில் வந்தவர், நின்றிருந்த யானையைப் பார்த்து வண்டியைத் திருப்பும்போது விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். யானை அவரைத் தொடக்கூட இல்லை. ஆனால் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அந்தப் பையன் பள்ளிக்கூடம் வருவதே பாதியாகிவிட்டது.

உங்களுக்கு இது ஒரு நாள் ஓட்டத்தில் வந்து போகும் மலைதான். எங்களுக்கு இது வாசல். தாளவாடி மலைமேல் இருக்கிறது, ஆனால் ஈரோடு மாவட்டம். கலெக்டர் ஆபீசுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் இந்த 27 வளைவையும் இறங்கியாக வேண்டும். எங்கள் முட்டைக்கோசும் தக்காளியும் கீழே போவது இதே வழியில். சத்தி மல்லிகைப்பூ மைசூருக்கு ஏறுவதும் இதே வழியில்தான்.

ரோட்டுக்கு நம்பர் மாறிவிட்டது. இப்போது 948. டீக்கடைப் பேச்சில் இன்னும் அது 209 தான். திண்டுக்கல்லில் தொடங்கி பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, அன்னூர், புளியம்பட்டி, சத்தி என்று வந்து, பண்ணாரியில் மலையேறி, ஆசனூர் தாண்டி, சாமராஜநகர், கொள்ளேகால், மளவள்ளி, கனகபுரா வழியாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்த ஒரே ரோடு அது. 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புது நம்பர் போட்டபோது அதை இரண்டாக வெட்டினார்கள். கோவைக்குத் தெற்கே உள்ள துண்டு நாகப்பட்டினம் போகும் 83-ல் சேர்ந்துவிட்டது. கோவையிலிருந்து பெங்களூர் வரை 948 ஆனது.

மாநில எல்லை இந்த ரோட்டுக்குக் குறுக்கே வந்ததும் ரொம்பப் பழைய கதை இல்லை. கொள்ளேகால் 1956 வரைக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. தாளவாடி இந்தப் பக்கம் நின்றது. ஒரே மாவட்டத்துக்குள் போய்வந்தவர்கள் அடுத்த நாள் வெளிமாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு மேலேயிருந்தும் கீழேயிருந்தும் ஒன்றாகத்தான் சனம் வருகிறது. கோயிலில் நெற்றியில் பூசக் கொடுக்கும் புற்றுமண்ணை மடித்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு மலையேறுகிறவர்களில் கே.ஏ. நம்பர் வண்டிக்காரர்களும் இருக்கிறார்கள், டி.என். நம்பர் வண்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஏதாவது என்றால் முதலில் நின்றுபோவதும் இந்த ரோடுதான். 2000 ஜூலை 30-ம் தேதி ராத்திரி வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போனது தாளவாடி பக்கத்துக் காஜனூர் வீட்டிலிருந்துதான். அவர் திரும்பி வர 108 நாள் ஆனது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது பஸ்கள் எல்லையோடு திரும்பின. அந்த நாட்களிலெல்லாம் லோடோடு ரோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் நீங்கள்தான் என்பது எங்களுக்கு மறக்கவில்லை.

இந்த ரோட்டுக்கு முன்னால் மைசூருக்கும் கொங்குநாட்டுக்கும் வழியாக இருந்தது மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் கஜலட்டிக் கணவாய். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் படையோடு இறங்கியது அதன் வழியாகத்தான். சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயக் கர்னல் பிளாய்டின் படையோடு சண்டை நடந்தது அப்போதுதான். கணவாயிலிருந்து இறங்கினால் எதிர்ப்படும் தண்ணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அணையில் தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் அதன் கற்கள் வெளியே தெரியும். ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து காட்டியிருக்கிறேன். அணை 1955-ல் கட்டி முடிந்தது. மனிதர்களின் போக்குவரத்து திம்பத்துக்கு மாறிவிட்டது. யானைகளுக்கு மாயாறுதான் இன்னமும் வழி. மாயாற்றுக்கும் கர்நாடகப் பக்கம் பிலிகிரிரங்கன் மலைக்கும் அவை போய்வரும்போது நம் ரோட்டைக் கடந்தாக வேண்டும். முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தி என்று தொடர்ச்சியாகக் கிடக்கும் இந்தக் காட்டில் வாழும் அளவுக்கு ஆசிய யானைகள் உலகத்தில் வேறு எந்த ஒரு காட்டுத் தொடரிலும் இல்லை.

சரி, ராத்திரியில் இந்த ரோட்டில் வண்டி ஓடக்கூடாது என்ற இரவுத் தடைக்கு வருகிறேன். அதில் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது. பந்திப்பூர் ரோட்டில் 2009-லேயே இரவுத் தடை வந்திருந்தது. இங்கே 2019 ஜனவரியில் கலெக்டர் உத்தரவு போட்டும் நடைமுறைக்கு வரவில்லை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அமல்படுத்தச் சொன்னபோது எங்கள் ஊர்க்காரர்களே ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். பால் வண்டியும் காய்கறி வண்டியும் எப்படிப் போகும் என்ற பயம். ஏப்ரலில் நீதிமன்றம் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை. உள்ளூர்க்காரர்களுக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு. 12 சக்கரமும் அதற்கு மேலும் உள்ள வண்டி எந்த நேரத்திலும் ஏறக்கூடாது. 16.2 டன்னுக்கு மேல் பாரம் கூடாது. வேகம் 30-ஐத் தாண்டக்கூடாது. வழக்கில் பேசப்பட்ட கணக்கு, பத்து வருடத்தில் இந்த ரோட்டில் வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகள் 155.

பண்ணாரி கேட்டில் ராத்திரி முழுக்கக் கேபினில் சுருண்டு படுத்து, காலையில் கேட் திறந்ததும் சரக்கு வாடிவிடும் என்ற பதற்றத்தில் கிளம்புகிற உங்களை நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். சிவந்த கண்ணோடு முதல் வளைவை எடுக்கிறீர்கள். அந்த ஆறு மணி நெரிசலில் முந்தாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று உங்களில் மூத்தவர்கள் சொல்வதை இளையவர்களுக்கும் சொல்லுங்கள். இறக்கத்தில் பிரேக் டிரம் காய்ந்து புகையும் நாற்றம் எங்கள் பஸ்ஸுக்குள் வரும்போது பேச்செல்லாம் நின்றுவிடும்.

அளவுக்கு மீறிய பாரத்தோடு வந்த வண்டி ஒன்று, மூன்று வருடத்துக்கு முன்னால், ஒன்பதாவது வளைவில் ஆக்சில் முறிந்து குறுக்கே நின்றது. மேலே எங்கள் பஸ், அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ். உள்ளே தலைப்பிரசவத்துக்கு வலி எடுத்த பெண். கிரேன் வர நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்தப் பெண்ணை இறக்கி, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, லாரிக்கும் பாறைச்சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நடத்திக் கூட்டிப்போய், அந்தப் பக்கம் நின்ற ஒரு காரில் ஏற்றினோம். பாறையில் உரசி என் தோள் சிராய்த்தது. அவள் ஒரு சத்தம்கூடப் போடவில்லை, என் மணிக்கட்டை மட்டும் விடவே இல்லை. குழந்தை சத்தியில் நல்லபடியாகப் பிறந்தது. அந்த லாரியின் ஓட்டுநர் ரோட்டில் உட்கார்ந்து தலையில் கைவைத்து அழுதார். பாரம் ஏற்றச் சொன்னவர் அங்கே இல்லை. அதனால்தான் லோடு அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். வயலில் ஏற்றும்போதே ஒரு வரிசை குறைத்து ஏற்றுங்கள். தடுப்புக் கம்பியில் இடிக்காத உயரத்துக்கு ஏற்றினால் கிளீனர் பையன் மேலேறவே தேவையில்லை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பை இழுத்துக் கட்டுங்கள். ஆசையாக யானைக்கு ஒரு கட்டு போடும் அண்ணன்மாரும் இருக்கிறீர்கள். அன்பில் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கல்லை, கிளம்பும்போது ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். இருட்டில் மொபெட்டில் வருகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

வருகிற திங்கட்கிழமையும் முதல் பஸ்ஸில் வருவேன். இந்த முறை என் பிள்ளைகள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய அட்டைகளைக் கொண்டு வருகிறேன். "யானைக்குக் கரும்பு போடாதீங்க மாமா" என்று ஆளுக்கு ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆசனூர் டீக்கடையில் கொடுத்து வைக்கிறேன். டீ குடிக்க நிறுத்தும்போது ஒன்றை வாங்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தாளவாடி பஸ் டீச்சர்